நூலகர் ஏணியிலிருந்து விழுந்தால் யார் பணம் கொடுப்பது? சட்டத்தின் பட்டியலில் இருக்கும் ஓட்டை

ஒரு பேரூராட்சி. மாடியோடு ஒரு நூலகக் கட்டடம். வெள்ளையடிக்க வந்த தொழிலாளி ஏணியிலிருந்து தவறி விழுகிறார், இடுப்பு எலும்பு முறிகிறது. அடுத்த வாரம் அதே ஏணியில் ஏறி, மேல் அடுக்கில் இருக்கும் புத்தகத்தை எடுக்கப்போன நூலகர் விழுகிறார். அவருக்கும் அதே முறிவு. இரண்டு பேருக்கும் ஒரே கட்டடம், ஒரே ஏணி, ஒரே வலி.

ஆனால் இழப்பீட்டுச் சட்டத்தின் கண்ணுக்கு இருவரும் ஒன்றில்லை. வெள்ளையடித்தவர் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறார். நூலகர் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லி இல்லை.

இது ஏதோ சட்ட நிபுணர்கள் பேச வேண்டிய சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். தனியார் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவர், ஏஜென்சி மூலம் அரசு நூலகத்தில் தற்காலிகமாகச் சேர்ந்தவர், போட்டித் தேர்வு படிப்பகத்தை மாலை நேரத்தில் கவனித்துக்கொள்பவர் என நூலக அறிவியல் படித்த இளைஞர்கள் பலரும் இன்று இருக்கும் இடம் இதுதான். அடிபட்டால் யார் பொறுப்பு, எவ்வளவு தொகை, அதற்கு முதலாளிக்கு ஆகும் செலவு என்ன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், இழப்பீட்டுச் சட்டம் என்றால் என்ன?

1923-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம்தான் இதன் அடிப்படை. 1924 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. இதன் சாரம் எளிது: வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்தால் முதலாளி பணம் கொடுக்க வேண்டும். முதலாளி மேல் தப்பு இருக்கிறதா என்று நிரூபிக்கத் தேவையில்லை. 'நீ பார்த்து ஏறியிருக்கணும்' என்ற வாதமும் செல்லாது.

குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது போன்ற சில விலக்குகள் உண்டு. ஆனால் மரணமோ, நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டால் அந்த விலக்குகளையும் முதலாளி காட்ட முடியாது.

2009-ல் இந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 2010 ஜனவரி 18 முதல் 'ஊழியர் இழப்பீட்டுச் சட்டம்' ஆனது. இப்போது 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 அமலுக்கு வந்துவிட்டது. பழைய சட்டத்தின் சங்கதிகள் அந்தத் தொகுப்பின் 7-வது அத்தியாயத்துக்குள் போய்விட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்து என்றால் பழைய சட்டம்தான் பேசும்.

'வகைப்பாடு' எங்கே வருகிறது?

சட்டம் எல்லா ஊழியர்களுக்கும் பொருந்தாது. இரண்டாவது அட்டவணை என்று ஒரு நீளமான பட்டியல் உண்டு. அதில் சொல்லப்பட்ட வேலைகளைச் செய்பவர்தான் இந்தச் சட்டத்துக்கு 'ஊழியர்'. மின்சக்தியைப் பயன்படுத்தி உற்பத்தி நடக்கும் இடம், கட்டட வேலை, வாகனம், லிஃப்ட், சுரங்கம், தீயணைப்பு, சர்க்கஸ், பனையேறுதல் வரை அதில் இருக்கிறது. மத்தியச் சட்டத்தின் பட்டியலில் 'நூலகம்' என்று தனி வரி கிடையாது.

பொதட்டூர்பேட்டையை எடுத்துக்கொண்டால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். திருத்தணியைத் தாண்டி, ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில், நெசவை நம்பி இருக்கும் ஊர். விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்பவர் மின்சக்தியில் இயங்கும் உற்பத்திக் கூடத்தில் வேலை செய்கிறார். எனவே அவர் பட்டியலில் இருக்கிறார். அதே கூடத்தில் கணக்கு எழுதும் குமாஸ்தா நீண்ட காலம் பட்டியலுக்கு வெளியே இருந்தார். காரணம், அந்த வரிகளில் 'எழுத்தர் வேலை தவிர' என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2010-ல்தான் அது நீக்கப்பட்டது. வீட்டிலேயே குழித்தறியில் நெய்பவர் இன்னொரு கதை. அங்கே மின்சக்தியும் இல்லை, 20 பேர் சேர்ந்து வேலை செய்யும் கூடமும் இல்லை. அதனால் பட்டியலின் உற்பத்தி வரிகள் அவரைத் தொடுவதில்லை.

எழுத்தர் என்ற தடை போய்விட்டதே, அப்போ நூலகரும் உள்ளே வந்துவிட்டாரா? இங்கேதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 2010 திருத்தம் செய்தது, பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் வேலை செய்யும் எழுத்தர்களை உள்ளே விட்டது. பட்டியலில் இல்லாத இடத்தை அது சேர்க்கவில்லை. ஒரு தொழிற்சாலை வளாகத்துக்குள் இயங்கும் நிறுவன நூலகத்தின் நூலகர் அன்று முதல் உள்ளே வந்தார். ஊர் நூலகத்தின் நூலகர் வரவில்லை.

புதிய தொகுப்பு இதைச் சரி செய்துவிட்டதா?

பாதி. தொகுப்பின் பொதுவான வரையறையில் 'ஊழியர்' என்றால் உடலுழைப்பு, மேற்பார்வை, நிர்வாகம், தொழில்நுட்பம், எழுத்தர் வேலை என எல்லாம் அடங்கும். நேரடியாகச் சேர்ந்தவர், ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் என்ற பாகுபாடும் இல்லை. படித்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே வரையறைக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இழப்பீடு பற்றிய 7-வது அத்தியாயத்துக்கு மட்டும், இரண்டாவது அட்டவணையில் இருப்பவரும் அரசு அறிவிக்கை மூலம் சேர்ப்பவரும்தான் ஊழியர். அதாவது பழைய பட்டியல் முறை அப்படியே தொடர்கிறது.

இதனால் ஒரே நூலகத்துக்குள் இப்படி ஒரு காட்சி:

- நடமாடும் நூலக வேனின் ஓட்டுநர்: பட்டியலில் இருக்கிறார், 'இயந்திர வாகனம்' என்ற வரியில்.
- மாடிக் கட்டடத்தைப் பழுது பார்ப்பவர், வெள்ளையடிப்பவர்: இருக்கிறார்கள், 'கட்டடப் பராமரிப்பு' என்ற வரியில்.
- லிஃப்ட் இயக்குபவர்: இருக்கிறார்.
- புத்தகக் கட்டுகளைத் தூக்கி, பிரித்து, எண் போட்டு, அடுக்கி, ஏணியில் ஏறி எடுத்துக் கொடுக்கும் நூலகர்: பெயர் சொல்லி இல்லை.

நூலகத்தில் அப்படி என்ன ஆபத்து?

நியாயமான கேள்வி. தறியின் நாடா கண்ணில் அடிப்பது போன்ற அபாயம் நூலகத்தில் இல்லை. ஆனால் அபாயமே இல்லை என்பதும் சரியில்லை. ஏணியிலிருந்து விழுவது, சுவரோடு பிணைக்காத அலமாரி சாய்வது, புத்தகக் கட்டுகளைத் தூக்கி முதுகு பிடித்துக்கொள்வது, ஒழுகும் பழைய கட்டடத்தில் மின்கசிவு, தனி ஆளாக இரவு பூட்டும் நேரத்தில் நடக்கும் தாக்குதல் எல்லாம் வேலையோடு வருபவை.

தூசி வேறு. பழைய புத்தகத் தூசியால் வரும் ஆஸ்துமாவுக்கு இழப்பீடு வாங்குவது சுலபமில்லை. தொழில்சார் நோய்களுக்கென்று சட்டத்தில் தனிப் பட்டியல் இருக்கிறது. அதில் சொன்ன நோய், சொன்ன வேலையில் வந்தால் அது வேலையால் வந்தது என்று எடுத்துக்கொள்ளப்படும். பட்டியலில் இல்லாத நோய்க்கு, வேலையில் நடந்த குறிப்பிட்ட விபத்துதான் நேரடிக் காரணம் என்று ஊழியரே நிரூபிக்க வேண்டும். வருடக்கணக்கில் சேர்ந்த தூசிக்கு அப்படி ஒரு 'விபத்து நாளை' எங்கிருந்து காட்டுவது?

அமெரிக்காவில் எப்படிச் செய்கிறார்கள்?

அங்கே பெரும்பாலான மாநிலங்களில் முதலாளி இழப்பீட்டுக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வகுப்பு எண் உண்டு. அலுவலக எழுத்தர்களுக்கு 8810. ஊதியத்தில் 100 டாலருக்கு இவ்வளவு என்று பிரீமியம் கணக்கிடப்படும். நூலகர் போன்ற தொழில்முறை ஊழியர்களுக்கு ஆபத்து குறைவு என்பதால் பிரீமியமும் குறைவான வகுப்பு. துப்புரவு, வாகனம், பராமரிப்பு ஊழியர்களுக்கு வேறு வகுப்பு, கூடுதல் விலை.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், அங்கே வகைப்பாடு தீர்மானிப்பது விலையை. நம் ஊரில் வகைப்பாடு தீர்மானிப்பது உரிமையையே. ஆபத்து குறைந்தவருக்கு அங்கே பிரீமியம் குறைகிறது. இங்கே அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

அப்போ நூலகருக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. அவர் எந்த வகை நூலகத்தில், யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து நான்கு பாதைகள்.

*ஒன்று, காலமுறை ஊதியம் வாங்கும் அரசு ஊழியர்.* அரசுப் பணி விதிகளின் கீழ் வருபவர்களுக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறது. பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பப் பாதுகாப்பு நிதியிலிருந்து 5 லட்சம் ரூபாய், குடும்ப ஓய்வூதியம் போன்றவை உண்டு. பணியின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கும் மரணத்துக்கும் அசாதாரண ஓய்வூதிய விதிகள் தனியாக இருக்கின்றன.

*இரண்டு, தனியார் கல்லூரி, பள்ளி, நிறுவன நூலகம்.* இங்கே முக்கியமானது இ.எஸ்.ஐ. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறுபவர்கள் இதில் வருவார்கள். தனியார் கல்வி நிறுவனங்களுக்கு இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று தமிழக அரசு 2010-ல் அறிவித்தது. நிர்வாகங்கள் வழக்குப் போட்டன. 2020-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு அரசின் பக்கம் தீர்ப்பு சொன்னது. எனவே 'நாங்க காலேஜ், எங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது' என்ற பதில் இன்று செல்லாது.

*மூன்று, ஏஜென்சி மூலம் வந்தவர்.* வேலை நடப்பது அரசு நூலகமாக இருக்கலாம். ஆனால் சம்பளம் கொடுப்பது மனிதவள ஏஜென்சி. அந்த ஏஜென்சியிடம் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் அது இ.எஸ்.ஐ. கட்ட வேண்டும். பட்டியலில் உள்ள வேலையைச் செய்பவராக இருந்து, அவர் இ.எஸ்.ஐ.யிலும் இல்லை என்றால், ஒப்பந்ததாரரிடம் மட்டுமல்ல, வேலை வாங்கிய தலைமை நிறுவனத்திடமும் இழப்பீடு கேட்கலாம். 'நாங்க வியாபாரம் செய்யலையே' என்று அரசுத் துறை தப்பிக்க முடியாது. அரசுத் துறையும் உள்ளாட்சி அமைப்பும் செய்யும் கடமைகளை அவற்றின் 'தொழில்' என்றே 1923 சட்டம் கருதியது.

*நான்கு, 10 பேருக்குக் குறைவாக இருக்கும் இடம்.* தனியார் படிப்பகம், சிறிய பயிற்சி மையத்தின் நூலகம், அறக்கட்டளை நடத்தும் வாசகசாலை. பட்டியலில் பெயர் இல்லை, இ.எஸ்.ஐ.யும் கட்டாயமில்லை. ஓட்டை இருப்பது இங்கேதான். புதிய தொகுப்பின்படி, முதலாளியும் பெரும்பான்மை ஊழியர்களும் ஒப்புக்கொண்டால் 10 பேருக்குக் குறைவான இடமும் விருப்பப்பட்டு இ.எஸ்.ஐ.யில் சேரலாம். ஆனால் அது கட்டாயமில்லை.

இதற்கும் வெளியே ஒரு கூட்டம் இருக்கிறது. 'நூலக நண்பர்கள்' திட்டத்தில் வீடு வீடாகப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் தன்னார்வலர்கள். ஊதியம் இல்லாவிட்டால் பொதுவாகச் சட்டப்படி ஊழியர் இல்லை. ரோட்டில் அடிபட்டால் வாகன விபத்து வழக்கு அல்லது சொந்தக் காப்பீடுதான் கதி.

பகுதிநேரம், தற்காலிகம் என்றால் உரிமை குறையுமா?

குறையாது. தற்செயல் வேலைக்கு வந்தவர் என்ற காரணத்தால் ஒதுக்கும் வாசகம் பழைய சட்டத்தில் இருந்தது. 2000-ல் வந்த திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஒரு நாள் வேலை செய்தவருக்கும் உரிமை உண்டு. ஆனால் ஊதியம் குறைவாக இருந்தால் அதை வைத்துக் கணக்கிடும் தொகையும் குறையும். பகுதிநேர நூலகர்களுக்கு உண்மையான அடி இங்கேதான் விழுகிறது.

சரி, எவ்வளவு கிடைக்கும்?

இழப்பீட்டுச் சட்டத்தின் கணக்கு இது. மரணத்துக்கு மாத ஊதியத்தில் 50 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதம். காரணி 25 வயதில் 216.91, 35 வயதில் 197.06, 45 வயதில் 169.44. வயது ஏற ஏற இறங்கும்.

35 வயது, மாதம் 12,000 ரூபாய் ஊதியம் என்று வைத்துக்கொள்வோம்:

- மரணம்: 6,000 × 197.06 = 11,82,360 ரூபாய்
- நிரந்தர முழு ஊனம்: 7,200 × 197.06 = 14,18,832 ரூபாய்
- கட்டை விரல் இழப்பு, அட்டவணைப்படி 30 சதவீதம்: சுமார் 4,25,650 ரூபாய்
- தற்காலிகமாக வேலை செய்ய முடியாத நிலை: அரை மாதத்துக்கு ஊதியத்தில் 25 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். மாதக் கணக்கில் 6,000.

மருத்துவச் செலவை முதலாளி தனியாகத் தர வேண்டும்.

இங்கே ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் மாத ஊதியத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 2020 ஜனவரி 3 அன்று வந்த அறிவிக்கை இது. அதற்கு முன் 8,000 ஆக இருந்தது. 40,000 ரூபாய் சம்பளம் வாங்கும் 35 வயதுக்காரர் இறந்தாலும் கணக்கு 15,000-க்குத்தான்: 7,500 × 197.06 = 14,77,950 ரூபாய். உச்சவரம்பு இல்லாவிட்டால் 39,41,200 வந்திருக்கும். விலைவாசி ஏறினாலும் இந்த எண் தானாக ஏறாது. அரசு அறிவித்தால்தான் ஏறும்.

இ.எஸ்.ஐ. என்றால் கணக்கு எப்படி மாறும்?

இ.எஸ்.ஐ.யில் இருப்பவர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தனியாகக் கேட்க முடியாது. ஆனால் அதற்காக நஷ்டப்பட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அதே 12,000 ரூபாய் ஊழியருக்கு:

- முதலாளி பங்கு 3.25 சதவீதம்: மாதம் 390 ரூபாய்
- ஊழியர் பங்கு 0.75 சதவீதம்: மாதம் 90 ரூபாய்
- தற்காலிக ஊனத்தின்போது ஊதியத்தில் சுமார் 90 சதவீதம்: மாதம் ஏறத்தாழ 10,800 ரூபாய்
- பணி விபத்தில் மரணம் என்றால் குடும்பத்துக்கு அதே 90 சதவீதம், மாதாமாதம் பென்ஷனாக, வாரிசுகளுக்குப் பிரித்து

மொத்தமாக வரும் 11.82 லட்சத்தை மாதம் 10,800 என்று எடுத்துச் செலவழித்தால், வட்டியைக் கணக்கில் எடுக்காமல், 9 வருடத்தில் தீர்ந்துவிடும். பென்ஷன் அதற்குப் பிறகும் வரும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வித்தியாசம்.

குறையும் உண்டு. இ.எஸ்.ஐ.யின் பெரிய மருத்துவமனைகள் அயனாவரம், கே.கே. நகர் என்று சென்னைக்குள் இருக்கின்றன. பொதட்டூர்பேட்டையிலிருந்து ஏறத்தாழ 100 கி.மீ. இடுப்பு முறிந்தவரை அவ்வளவு தூரம் கொண்டுபோவது சாதாரண விஷயமில்லை. அவசரத்துக்குப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தால் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு உடனே தகவல் சொல்லிவிட வேண்டும்.

முதலாளிக்கு இது பெரிய சுமையா?

மேலே சொன்ன 390 ரூபாயை வருடத்துக்குப் பெருக்கினால் 4,680. ஒரு மரணத்துக்குத் தர வேண்டிய 11,82,360 ரூபாயை இதனால் வகுத்தால் 252 வருகிறது. அதாவது ஒரே ஒரு மரண விபத்தின் செலவு, 252 ஊழியர்களுக்கு ஒரு வருடம் இ.எஸ்.ஐ. கட்டும் செலவுக்குச் சமம். ஐந்து பேர் வேலை செய்யும் படிப்பக உரிமையாளர் அந்தத் தொகையைத் தனியாகத் தாங்க முடியாது. பலர் சேர்ந்து சிறுகச் சிறுகக் கட்டினால்தான் முடியும். காப்பீட்டின் தத்துவமே இதுதான்.

இ.எஸ்.ஐ. பொருந்தாத இடத்தில், பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிடம் ஊழியர் இழப்பீட்டு பாலிசி எடுக்கலாம். வேலையின் தன்மை, ஆட்களின் எண்ணிக்கை, மொத்த ஊதியம் ஆகியவற்றை வைத்து பிரீமியம் போடுவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை: பாலிசியில் 'அலுவலக ஊழியர்' என்று மட்டும் எழுதிவிட்டு, அதே ஆளை வேனில் புத்தகம் ஏற்றி இறக்க அனுப்பினால், விபத்து நடந்த நாளில் காப்பீட்டு நிறுவனம் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். ஊழியர் உண்மையில் என்ன வேலை செய்கிறாரோ அதை எழுதச் சொல்லுங்கள்.

அரசு நூலகங்களுக்கு வருவோம். 1948-ல் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது அன்றைய சென்னை மாகாணம். எஸ்.ஆர். ரங்கநாதன் போன்றவர்களின் முயற்சியில் வந்த அந்தச் சட்டத்தால் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி வசூலாகிறது. இப்போது வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வீட்டு வரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் பணம் கட்டுகிறோம். அந்தப் பணத்தில் கட்டடமும் புத்தகமும் வாங்குகிறோம் என்றால், அங்கே நிற்கும் மனிதரின் பாதுகாப்புக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்தான்.

வேலைக்குப் போகும் வழியில் விபத்து நடந்தால்?

2003-ல் மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் வேலைக்குப் போகும் வழியில் விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் கொடுத்த தொகையை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நடக்கும் விபத்தும், நேரம், இடம், சூழல் ஆகியவை வேலையோடு தொடர்புடையதாக இருந்தால், பணி விபத்துதான் என்று சொன்னது. புதிய தொகுப்பும் இதை வெளிப்படையாகச் சொல்கிறது. இ.எஸ்.ஐ.யில் 2010 முதலே இந்தப் பாதுகாப்பு இருக்கிறது.

சாலை விபத்து என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்துக்கும் போகலாம். ஆனால் அதுவும் இழப்பீட்டுச் சட்டமும் சேர்த்துக் கேட்க முடியாது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சம்பளம் 15,000-க்கு மேல் என்றால், எதிர் வாகனத்தின் தப்பை நிரூபிக்க முடியும் என்றால், தீர்ப்பாயம் பெரும்பாலும் லாபமாக இருக்கும். வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எல்லை தாண்டி வேலைக்கு வருபவர் எங்கே வழக்குப் போடுவது?

நகரி, புத்தூர் பக்கமிருந்து தமிழகத்துக்குள் வேலைக்கு வருவதும், இங்கிருந்து அங்கே போவதும் எல்லை ஊர்களில் சகஜம். இழப்பீட்டு வழக்கை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. ஊழியரோ, இறந்திருந்தால் அவருடைய குடும்பமோ வழக்கமாகக் குடியிருக்கும் பகுதியின் ஆணையரிடமும் போடலாம். முதலாளியின் பதிவு அலுவலகம் இருக்கும் பகுதியிலும் போடலாம். நகரியில் இருக்கும் குடும்பம் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மாநிலம் தாண்டி அலைய வேண்டிய அவசியம் இல்லை.

அடிபட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

- முதலாளிக்கு எழுத்தில் தகவல் கொடுங்கள். வாட்ஸ்அப் அனுப்பினாலும் ஸ்கிரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள்.
- மருத்துவமனையில் 'வேலை செய்யும்போது விழுந்தேன்' என்று தெளிவாகச் சொல்லி, அப்படியே பதிவு செய்யச் சொல்லுங்கள். 'வீட்டில் வழுக்கி விழுந்தேன்' என்று யாராவது எழுதச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.
- சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வருகைப் பதிவின் படம், பணி ஆணை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். கையில் ரொக்கமாகச் சம்பளம் வாங்குபவருக்கு ஊதியத்தை நிரூபிப்பதுதான் பெரிய பாடு.
- இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட 2 வருடக் கெடு உண்டு. தமிழகத்தில் தொழிலாளர் துறையின் இணை, துணை ஆணையர்கள் இந்தப் பொறுப்பைக் கவனிக்கிறார்கள்.
- இழப்பீட்டை ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12 சதவீத வட்டி, நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம்.
- மரண இழப்பீட்டை முதலாளி நேராகக் குடும்பத்திடம் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது. ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். 'ரெண்டு லட்சம் வச்சுக்கோங்க, இதுல ஒரு கையெழுத்து போடுங்க' என்று வாங்கும் காகிதம் சட்டப்படி உரிமையை அழிக்காது.

இன்னொரு சின்ன விஷயம். பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் வருடம் 20 ரூபாய் கட்டினால் விபத்து மரணத்துக்கு 2 லட்சம். 18 முதல் 70 வயது வரை வங்கிக் கணக்கு இருக்கும் யாரும் சேரலாம். தன்னார்வலர்களுக்கும் பகுதிநேரக்காரர்களுக்கும் இது குறைந்தபட்ச ஆறுதல். ஆனால் இது முதலாளியின் பொறுப்புக்கு மாற்று இல்லை.

ஓட்டையை அடைக்க என்ன வழி?

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. இரண்டாவது அட்டவணையில் புதிய வேலைகளைச் சேர்க்கும் அதிகாரம் அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நூலகம், படிப்பகம், ஆவணக் காப்பகம் ஆகியவற்றில் வேலை செய்பவர்கள் என்று ஒரு வரியை அறிவிக்கையில் சேர்த்தால், 10 பேருக்குக் குறைவான இடங்களும் உள்ளே வந்துவிடும். ஆபத்து குறைந்த வேலை என்பதால் காப்பீட்டுச் செலவும் மற்ற தொழில்களைவிடக் குறைவாகவே இருக்கும். ஏஜென்சிகளுக்கு டெண்டர் விடும்போது, இ.எஸ்.ஐ. எண்ணும் கட்டிய ரசீதும் இல்லாமல் மாதாந்திர பில்லுக்குப் பணம் தருவதில்லை என்று ஒரு நிபந்தனை போட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அதுவரை நூலகத்தில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரும் பணி ஆணையை வாங்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: 'என் இ.எஸ்.ஐ. எண் என்ன? இல்லையென்றால் என்னை எந்த பாலிசியில், என்ன வேலை என்று எழுதிச் சேர்த்திருக்கிறீர்கள்?' இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், ஏணியில் ஏறும்போது உங்கள் சொந்தப் பொறுப்பில்தான் ஏறுகிறீர்கள்.